மாவளி: காசில்லாத மத்தாப்பின் கதை

போன கார்த்திகைக்கு சென்னையிலிருந்து வந்திருந்த பேரன் கம்பி மத்தாப்பு ஒரு பெட்டி கொண்டு வந்திருந்தான். அரை மணி நேரத்துல தீர்ந்துபோச்சு. "அவ்வளவுதானா தாத்தா?"ன்னு கேட்டான். கொட்டகைப் பரணில் சொருகி வச்சிருந்த மாவளியை எடுத்தேன். அதைச் சுத்த ஆரம்பிச்சதும் பையன் வாயடைச்சுப் போய் நின்னான். தலைக்கு மேல ஒரு நெருப்புச் சக்கரம், அதுலருந்து பூப்பூவா பொறி கொட்டுது. விலை என்னன்னு கேட்டான். ஒரு பைசா இல்லடா, பனைமரத்துக் குப்பையும் உங்க பாட்டியோட பழைய நூல்புடவையும்தான்னு சொன்னேன். அவன் நம்பல.

எங்க ஊர் ஜவ்வாது மலையோட கிழக்கு அடிவாரம், போளூர் பக்கம். மலைமேல ஜமுனாமரத்தூர்ல சாமை அறுப்பு முடிஞ்சு மூட்டை கீழே இறங்குற நேரத்துலதான் கார்த்திகை வரும். வானம் தெளிவா இருந்தா தெற்கே திருவண்ணாமலை தீபம் ஒரு பொட்டு மாதிரி தெரியும். 2,668 அடி உயர மலை உச்சியில ஏத்துறது, தெரியாம இருக்குமா? அந்தப் பொட்டைப் பார்த்த பிறகுதான் எங்க தெருவுல அகல் ஏத்துவாங்க. அதுக்கப்புறம் பிள்ளைங்க மாவளியைத் தூக்கிக்கிட்டு களத்துமேட்டுக்கு ஓடும்.

கார்த்திகை விளக்கு ரொம்பப் பழசு. அகநானூற்றுல 141-ஆம் பாட்டு, நக்கீரர் பாடியது. மழை ஓய்ந்த தெளிந்த வானத்துல முழு நிலா அறுமீனோட சேர்ற இரவில் தெருவெல்லாம் விளக்கு வச்சு மாலை தொங்கவிட்டு விழா எடுக்கிறதை அது சொல்லுது. ஏழாம் நூற்றாண்டுல சம்பந்தர் மயிலாப்பூர்ப் பதிகத்துல பாடும்போதே இந்த விளக்கீட்டைத் தொன்மையானதுன்னுதான் சொல்றார். ரெண்டு இடத்துலயும் விளக்கு இருக்கு, மாவளி இல்ல. பிள்ளைங்க விளையாட்டை எந்தப் புலவர் எழுதி வச்சார்?

அறுமீன்னா கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். வேடிக்கை என்னன்னா, அதையெல்லாம் பெரிய கண்ணாடி வச்சுப் பார்க்கிற காவலூர் வானாய்வகம் எங்க ஜவ்வாது மலையிலதான் இருக்கு. 1968-ல அங்க முதல்ல வச்சது 38 செ.மீ. தொலைநோக்கி. அதை வெளிநாட்டுல வாங்கல, கொடைக்கானல்ல தாங்களே செஞ்சு கொண்டு வந்தாங்க. வைனு பாப்பு பேர்ல இருக்கிற பெரிய 2.3 மீட்டர் கண்ணாடி 1986-லதான் வந்தது.

மாவளிக்கு வருவோம். மத்தாப்புக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதா தெரியும், ஆனா பெருசு. வாணவேடிக்கைக்கு வெடியுப்பு, கந்தகம், கரி மூணும் வேணும். அது அரசர் வீட்டுச் சமாச்சாரமா இருந்தது. 1443-ல விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், அங்க மகாநவமி விழாவுல வாணவேடிக்கை பார்த்ததை எழுதியிருக்கார். அப்போ எங்க பக்கமும் விஜயநகரத்தாரோட ஆட்சிதான். அதுக்கு முன்னால எங்க அடிவாரத்துப் படவேட்டுல உட்கார்ந்து ஆண்டவங்க சம்புவராயர்கள். ராஜா வாணம் விட்டா குடியானவன் வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். வெடியுப்பு வாங்க அவன்கிட்ட ஏது காசு? கரி மட்டும் அவன் அடுப்புலயே இருந்தது. அந்த ஒண்ணை வச்சே ஒரு வேடிக்கை பண்ணிட்டான்.

செய்முறை சொல்றேன், இதுதான் இந்தக் கதையில ருசியான இடம்.

பனையில ஆண், பெண் தனித்தனி மரம். பெண் பனை நுங்கு தரும். ஆண் பனையில விரல் விரலா நீண்ட பூக்கதிர் வரும், காய்ந்து கீழே கொட்டும். மாவளிக்கு அந்தக் கதிர்தான் வேணும். கூடை கூடையா பொறுக்கி வெயில்ல உலர்த்தி, முழங்கால் ஆழக் குழியில போட்டுக் கொளுத்தணும். கொழுந்து விட்டு எரியும்போது அவசரப்படக் கூடாது. சுடர் அடங்கி எல்லாம் செக்கச்செவேல்னு தணலாகிற அந்த நேரத்துல பச்சைத் தழையைப் போட்டு மேல மண்ணைத் தள்ளி மூடிடணும். ஒரு நிமிஷம் முந்தினா பாதி வேகாத கட்டை, ஒரு நிமிஷம் பிந்தினா வெறும் சாம்பல். நான் முதல்முதல்ல தனியா பண்ணப்போ சாம்பல்தான் கிடைச்சது. எங்க அப்பா ஒண்ணும் சொல்லல, அதை அள்ளி பூசணிக் கொடிக்குப் போட்டார்.

மறுநாள் தோண்டி எடுத்தா கன்னங்கரேல்னு லேசான கரி. உரல்ல இடிச்சு துணியில சலிக்கணும். சிலர் படபடன்னு சத்தம் வர்றதுக்குக் கொஞ்சம் உப்பு சேர்ப்பாங்க. பழைய பருத்தி வேட்டி, புடவை எதுனாலும் கிழிச்சு, கரியைக் கொட்டி, மணிக்கட்டுப் பருமனுக்கு இறுக்கிச் சுருட்டி நெருக்கமா நாரால் கட்டணும். நைலான் துணி ஆகாது, உருகி ஒழுகி கையைப் பொசுக்கும். பச்சைப் பனமட்டையை மூணா பிளந்து அதுக்கு நடுவுல இந்தச் சுருளை வச்சு கட்டி, மேல் முனையில கை நீளத்துக்கு உறுதியான கயிறு. கீழ் முனையில ஒரு தணல் துண்டை வச்சு ஊதி, நல்லா பத்திக்கிட்டதும் சுத்த வேண்டியதுதான். மட்டை ஏன் பச்சையா இருக்கணும்னா, காய்ஞ்சது சீக்கிரம் தீப்பிடிச்சுக்கும்.

சுத்தும்போது காத்து உள்ளே புகுந்து தணலை ஊதுது. சுழல்ற வேகம் எரியுற துகளை வெளியே தள்ளுது. கரி நல்லா பொடியா இருந்தாத்தான் துகள் பறந்துக்கிட்டே எரியும். தேங்காய்ச் சிரட்டைக் கரியில ஒரு தடவை முயற்சி பண்ணினேன். கங்கு நல்லா இருந்தது, பொறி வரல. பனம்பூக் கரி மாதிரி அது பொடியாகல.

கரியை மட்டும் வச்சு பொறி விடுறது நாம மட்டும்தான்னு நினைச்சிருந்தேன். தென்கொரியாவுல ஹாமன்னு ஒரு ஊர். அங்க புத்தர் பிறந்தநாள் அன்னைக்கு கருவாலி வகை மரக் கரியைப் பொடியாக்கி, கைக்காகிதத்துல திரியா முறுக்கி, குளத்துக்கு மேல கயிறு கட்டி ஆயிரக்கணக்குல தொங்கவிட்டுக் கொளுத்துறாங்க. மழை மாதிரி பொறி தண்ணியில விழுது. அவங்க தொங்கவிட்டாங்க, நாம சுத்தினோம். அவங்க மாகாணத்துல அது பாதுகாக்கப்படும் மரபுக் கலையா அறிவிக்கப்பட்டிருக்கு. அதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதுது.

இங்க என்ன ஆச்சு? 1923 வாக்குல சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. அதுலருந்து வண்ண மத்தாப்பு, அப்புறம் பட்டாசு. மத்தாப்பு மலிவாச்சு, வீட்டுக்கு வீடு வந்துச்சு. அதைக் குத்தம் சொல்ல மாட்டேன், நானும் ஆசையா கொளுத்தினவன்தான். ஆனா மாவளியைக் கொன்னது மத்தாப்பு இல்ல, செங்கல் சூளைன்னு நான் சொல்வேன்.

பனைக்கு மதிப்பு இருந்தவரை யாரும் வெட்டல. ஆண் பனையிலயும் பாளை சீவலாம், கள்ளும் பதநீரும் இறங்கும். 1937-ல சேலத்துல தொடங்கின மதுவிலக்கு 1948-க்குள்ள மாகாணம் பூரா வந்தது. நடுவுல தளர்ந்தது. 1987-லருந்து கள்ளுக்கு முழுத்தடை. மரம் ஏறுறவங்க வேற வேலைக்குப் போயிட்டாங்க. ஏற ஆளில்லாத தோப்புல பெண் பனையாவது தரையில நுங்கு கேட்கிறவனுக்காக நின்னுச்சு. ஆண் பனை எதுக்குன்னு கேட்டாங்க. சூளைக்காரன் லாரியோட வந்தப்போ முதல்ல விழுந்தது அதுங்கதான். எங்க வரப்புலயும் பதினோரு மரம் போச்சு. நான்தான் விலை பேசினேன். மகள் காலேஜுக்குப் பணம் கட்டணும்னு அன்னைக்கு எனக்கு வேற வழி தெரியல. அந்த வருஷம் கார்த்திகைக்கு எங்க தெருவுல ஒரு மாவளி கூட சுத்தல. அடுத்த வருஷம் அதைக் கேக்கவே ஆள் இல்ல.

2021 வேளாண் பட்ஜெட்டுல பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு அறிவிச்சாங்க. எங்களுக்கு அது கொஞ்சம் தாமதம். பரணில் இருந்த அந்த மாவளிக்கான கதிரைக் கூட பக்கத்து ஊர் ஏரிக்கரையில மிச்சமிருக்கிற மரத்துக்குக் கீழதான் பொறுக்கினேன்.

அந்த வருஷ மழையிலயே நாப்பது பனங்கொட்டையை வரப்புல ஊன்றினேன். முப்பத்தொண்ணு முளைச்சிருக்கு, ஆடு கடிச்சது போக இருபத்தாறு. இதுல எது ஆண், எது பெண்ணுன்னு இப்போ யாராலும் சொல்ல முடியாது. பூ வந்தாத்தான் தெரியும், அதுக்குப் பன்னிரண்டு, பதினஞ்சு வருஷம் ஆகும். பேரன் ஒவ்வொரு கன்னுக்கும் பேர் வச்சிட்டுப் போயிருக்கான். எல்லாமே பையன் பேரு.