அழைத்த ஒளியும் விரட்டிய ஒலியும்: மட்டக்களப்பு வாவிமுகத்தின் வழிகாட்டுக் குறிகள்

ஆங்கிலத்தில் 'பீக்கன்' எனப்படும் சொல், பழைய ஆங்கிலத்தில் அடையாளம் என்ற பொதுப்பொருளையே தந்தது. கையசைத்து அழைப்பதைக் குறிக்கும் 'பெக்கன்' அதன் உடன்பிறந்த வினைச்சொல். குன்றுகளில் மூட்டும் எச்சரிக்கைத் தீ என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. 1588இல் ஸ்பானியக் கப்பற்படை நெருங்கிய செய்தி இங்கிலாந்தின் தென்கரை நெடுகப் பரவியது அத்தகைய தீயால்தான். அருகே வா என்பதும், ஆபத்து, விலகு என்பதும் ஒரே சொல்லுக்குள் அடங்கின. இலங்கையின் கிழக்கே மட்டக்களப்புக் கரையில் இவ்விரு பணிகளும் வெவ்வேறு காலங்களில் வந்து சேர்ந்தன. அழைப்பு முந்தியது, எச்சரிக்கை மிகவும் பிந்தியது.

ஒளிகாட்டி அழைக்கும் கருத்து தமிழுக்குப் புதிதல்ல. கப்பல்கள் வரும் துறையில், வானளாவிய மாடத்தில் ஏணி வைத்து ஏறி இரவில் ஏற்றிய விளக்கைச் சங்க நூலான பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. ஆனால் 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் வாசல் அத்தகைய நிலையான துறையன்று. முகத்துவாரத்தை மணல் மூடும். மாரி வெள்ளம் பெருகினால் உடைத்துக்கொள்ளும், அல்லது ஊரார் வெட்டிவிடுவர். இன்று ஆழமாயிருக்கும் வழி அடுத்த பருவத்தில் திட்டாகிவிடலாம். திரை எங்கே மடிகிறது, எங்கே மடியாமல் உள்ளே ஓடுகிறது என்று பார்த்தே தோணிக்காரர் வழி கண்டனர். அந்தக் கண்பயிற்சியே இவ்வாசலின் முதல் வழிகாட்டி என்பது என் கருத்து.

வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இப்பயிற்சி இல்லை. 1602இல் வந்த ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் முதல், 1628இல் வாவிக்குள் உள்ள புளியந்தீவில் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர், 1638இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் வரை அனைவரின் பெருங்கப்பல்களும் வெளியே நங்கூரமிட வேண்டியிருந்தது. கடலிலிருந்து கரையை இனங்காண உள்நாட்டு மலைகள் பயன்பட்டன. துறவியின் முக்காட்டை ஒத்ததால் 'பிரையர்ஸ் ஹூட்' எனப் பெயர்பெற்ற மலை பிரித்தானியர் காலக் கடல்வழிநூல்களில் இடம்பெற்றது. பகலுக்கு இது போதும். இரவில் மலை ஏது?

அக்குறையை 1913இல் பாலமீன்மடுவில் எழுந்த வெளிச்சவீடு தீர்த்தது. அதன் உயரம் 28 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து தொடுவானம் ஏறத்தாழ 19 கிலோமீட்டர். தோணியில் நிற்பவரின் கண்ணுக்கோ ஐந்து கிலோமீட்டரைத் தாண்டாது. கரை இங்கே என்று அது சொல்லும். இடம் மாறிக்கொண்டே இருக்கும் வழியைச் சொல்ல அதனால் இயலாது. அந்த வேலை தோணிக்காரரிடமே தங்கியது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் நிலவழியும் திறந்தது. 1924இல் வாவியின் மேல் கல்லடிப் பாலம், 1928இல் புகையிரதம். கரையோரக் கப்பலை நம்பியிருந்த வணிகம் மெல்லத் தரைக்கு மாறியது. விளக்கின் பயன் பெரும்பாலும் மீனவருக்கானதாயிற்று.

2004 டிசம்பர் 26 காலையில் கரையோர ஊர்களான நாவலடிக்கும் டச்பாருக்கும் கல்லடிக்கும் எந்தக் குறியும் வரவில்லை. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்ததற்கும் ஆழிப்பேரலை இக்கரையை அடைந்ததற்கும் இடையே ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் இருந்தது. அவ்வளவு நேரம் இருந்தும் ஒரு தீயில்லை, மணியில்லை, குரலில்லை. நாவலடி ஏறக்குறைய முழுதாக அழிந்தது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் சரிந்து சாய்ந்தது. கடலில் இருப்பவருக்கு விளக்கு ஏற்றிய ஆட்சிகள், கரையில் இருப்பவருக்கு ஒரு குறியும் வைக்காமல் விட்டதை இவ்வரலாற்றின் மிகப் பெரிய குறையாகவே கருதவேண்டும்.

அதன்பிறகே ஒலிபெருக்கி பூட்டிய எச்சரிக்கைக் கோபுரங்கள் இலங்கையின் கரையோரங்களில் எழுந்தன. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, கரையைவிட்டு வெளியேறும்படி இலங்கையில் அறிவிப்பு வந்தது. அழிவு நேரவில்லை. ஆனால் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பட்டியிலிருந்து வெளியேறும் கல்லடியாருக்குப் புளியந்தீவுப் பக்கம் செல்ல அன்றிருந்தது 1924இன் ஒடுங்கிய பாலம் ஒன்றே. அதனருகே அகன்ற புதிய பாலம் திறக்கப்பட்டது 2013இல்.