கேர்ட் ஃபிளட்டுக்கு ஏன் இன்னும் இடமில்லை?

1969 டிசெம்பர் 24ஆம் திகதி கேர்ட் ஃபிளட் என்ற பேஸ்போல் வீரர் ஒரு கடிதம் எழுதினார். பன்னிரண்டு வருஷம் சென் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு விளையாடினவர். அந்த ஒக்டோபரில் அவரை ஒரு வார்த்தை கேட்காமல் அணி ஃபிலடெல்பியாவுக்குக் கைமாற்றிவிட்டது. அவருக்கு விஷயம் தெரிய வந்ததே ஒரு தொலைபேசி அழைப்பில்தான். பேஸ்போல் கொமிஷனர் போவி கூனுக்கு அவர் எழுதியது இவ்வளவுதான்: என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்கிற சொத்து நான் இல்லை, மற்ற அணிகளோடும் பேச எனக்கு உரிமை வேணும். கூன் மறுத்துவிட்டார்.

கூன் இப்ப ஹோல் ஒஃப் ஃபேமில் இருக்கிறார். 2008இல் சேர்த்தார்கள். ஃபிளட் இல்லை.

நியூயோர்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற சின்ன ஊரில் இருக்கிற அந்த மண்டபத்துக்கு 1936இல் முதல் ஐந்து பேர் தெரிவானார்கள், பேப் ரூத் உட்பட. வீரர் ஓய்வுபெற்று ஐந்து வருஷம் கழிய, பேஸ்போல் எழுதுகிற மூத்த பத்திரிகையாளர்கள் வாக்களிப்பார்கள். 75 வீதம் கிடைக்க வேணும். திறமையோடு நேர்மை, குணம், விளையாடிய அணிகளுக்குச் செய்த பங்களிப்பு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுது அவர்களுடைய விதி. அணிகளுக்கு. முழு விளையாட்டுக்கும் எண்டு அதில் இல்லை. என்னைப் பொறுத்தவரை சிக்கல் தொடங்குறதே இந்தச் சொல்லில்தான்.

ஐபிஎல் ஏலத்தைப் பாத்துப் பழகின எங்களுக்கு வீரரை விலை பேசுறது புதுசில்லை. ஆனால் அங்கே ஒப்பந்தக் காலம் எண்டு ஒன்று இருக்கு. ஃபிளட்டின் காலத்துப் பேஸ்போலில் ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் அந்த அணிக்கே சொந்தம், அணி விட்டால் ஒழிய வெளியில வர ஏலாது. வருஷம் 90,000 டொலர் உழைக்கிற ஆள் தன்னை அடிமை எண்டு சொல்லலாமா எண்டு தொலைக்காட்சியில் கேட்டார்கள். நல்ல சம்பளம் வாங்கினாலும் அடிமை அடிமைதான் எண்டார் ஃபிளட். அமெரிக்கத் தெற்கின் நிறப் பிரிவினைக்குள் விளையாடிய கறுப்பினத்தவர் அவர். அந்தச் சொல்லை அவர் சும்மா எடுத்துப் போடவில்லை.

வழக்குப் போட்டார். 1970இல் விசாரணை நடந்தபோது, முன்பே ஓய்வுபெற்றிருந்த ஜக்கி றொபின்சன் வந்து சாட்சி சொன்னார். அப்ப களத்தில் இருந்த ஒரு வீரர்கூட வரவில்லை. 1972இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 3 எண்டு அவருக்கு எதிராகத் தீர்த்தது. பேஸ்போலை ஏகபோக எதிர்ப்புச் சட்டத்திலிருந்து விலக்கிய 1922ஆம் ஆண்டுத் தீர்ப்பு முரணானதுதான், அதைத் திருத்துறது காங்கிரஸின் வேலை எண்டது நீதிமன்றம்.

அந்தத் தீர்ப்பில் ஒரு விசித்திரம் இருக்கு. அதை எழுதிய நீதியரசர் ஹரி பிளக்மன், தொடக்கத்தில் பேஸ்போல் வரலாற்றின் எண்பதுக்கும் மேற்பட்ட பெரிய ஆட்களின் பெயர்களை ரசித்து ரசித்து அடுக்கியிருக்கிறார். முடிவோடு உடன்பட்ட இரண்டு நீதியரசர்களே அந்தப் பகுதியில் சேர மறுத்தார்கள். ஒரு மனுஷன் தன் தொழிலைப் பணயம் வைத்து நீதி கேட்டு வர, நீதிமன்றம் தன் பங்குக்கு ஒரு ஹோல் ஒஃப் ஃபேம் கட்டியது. அந்தப் பட்டியலிலும் ஃபிளட் இல்லை.

அவரைச் சேர்க்கக் கூடாது எண்டு சொல்றவர்களின் வாதத்தையும் பாப்பம். முதலாவது, அவர் தோற்றுப்போனார். அந்த விதியை உடைத்தது 1975இல் மெஸர்ஸ்மித், மக்னலி என்ற இரண்டு வீரர்களின் விவகாரத்தில் நடுவர் பீற்றர் சைட்ஸ் கொடுத்த முடிவு. இது உண்மை, ஃபிளட்தான் எல்லாத்தையும் மாத்தினார் எண்டு நானும் சொல்லமாட்டன். ஆனால் அவர் வழக்குக்குப் போகும்வரை இது அடிமைத்தனம் எண்டு பொதுவெளியில் உரத்துச் சொல்ல எந்தப் பெரிய வீரர் துணிந்தார்?

இரண்டாவது, எண்ணிக்கை. 1861 ஹிட்ஸ், சராசரி .293. சிறந்த களத்தடுப்புக்கான கோல்ட் கிளவ் விருது தொடர்ந்து ஏழு வருஷம். 1966 பருவம் முழுக்கக் களத்தில் ஒரு பிழைகூட விடவில்லை. 1968 உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் ஒரு பந்தைத் தவறாகக் கணித்ததையும் மறைக்கத் தேவையில்லை. நல்ல வீரர், ஆனால் ஹோல் ஒஃப் ஃபேமுக்குக் காணாது எண்டு சொல்றார்கள். சரி, 32 வயதில் வழக்குக்காக 1970 பருவத்தை முழுசாக இழந்தவர். 1971இல் வொஷிங்டன் அணிக்கு 13 ஆட்டம் ஆடிவிட்டு விலகினார். வழக்கால் குறைந்த எண்ணிக்கையைக் காட்டியே வழக்குப் போட்டவரை வாசலில் மறிக்கிறது எந்த ஊர் நியாயம்?

வழக்கில் அவருக்குத் துணை நின்ற வீரர் சங்கத் தலைவர் மார்வின் மில்லர், வெல்லுறது கஷ்டம், பிறகு விளையாடவும் ஏலாமல் போகலாம் எண்டு முதலே எச்சரித்திருந்தார். அவர் இறந்து ஏழு வருஷம் கழிய, 2019இல் அவரையும் தெரிவு செய்தார்கள். நிர்வாகிகளை விளையாட்டுக்குச் செய்த பங்களிப்பை வைத்து அளக்கிறார்கள். வீரரை மட்டையை வைத்து அளக்கிறார்கள். மறுத்தவரும் ஆலோசனை சொன்னவரும் உள்ளே, இழந்தவர் வெளியே.

பத்திரிகையாளர் வாக்கில் ஃபிளட்டுக்குக் கிடைத்த அதிகபட்சம் 15 வீதமளவில், 1996இல். அடுத்த ஜனவரியில் 59 வயதில் இறந்தார். 1998இல் காங்கிரஸ் அவருடைய பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றி, பெரிய லீக் வீரர்களுக்கு அவர் கேட்ட சட்டப் பாதுகாப்பைக் கொடுத்தது. 2020இல் நூறுக்கு மேற்பட்ட காங்கிரஸ் உறுப்பினர்கள் அவரைச் சேர்க்கச் சொல்லி எழுதினார்கள். இப்ப மிச்சம் இருக்கிறது 16 பேர் கொண்ட குழுவின் வழி, அதில் 12 வாக்கு வேணும். அந்தக் குழுவில் அணி நிர்வாகிகளும் இருப்பார்கள்.