கோலார் தங்கவயலில் நகைச் சேமிப்பு: காப்பா, கூடுதல் இடரா?

சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களின் நகையை ‘முடங்கிய முதல்’ என்று இகழ்ந்த காலம் போய்விட்டது. அதை மறுத்து எழுந்த ஆய்வுப்போக்கு, தங்கம்தான் ஏழைகளின் காப்பீடு என்கிறது. விலைவாசி அதைத் தின்னாது, அவசரத்துக்கு அடகுக்கடை உண்டு, பெண்ணின் கைவசத்திலும் இருக்கும். சேலத்து நெசவாளர் வீட்டுக்கு இது பொருந்தலாம். தங்கவயலுக்குப் பொருந்தாது என்று கருதுகிறேன்.

ஒரு சொத்தின் இடரை அதன் விலையை மட்டும் வைத்து அளக்க முடியாது. குடும்பத்தின் மற்ற வரவுகள் விழும்போது அதுவும் சேர்ந்து விழுமா என்று பார்க்க வேண்டும். ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952-இல் பங்குகளைப் பற்றிச் சொன்ன இந்த விதி உழைப்பாளி வீட்டுக்கும் செல்லும். தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளியின் பெரிய சொத்து அவருடைய சம்பளம்; லைன் வீடும் சுரங்க மருத்துவமனையும் அதைச் சார்ந்தவை. எல்லாம் தங்கத்தில் நின்றன. மிச்சம் பிடித்ததையும் அவர் சவரனாகவே வாங்கினார்.

காப்பீட்டு வாதம் சாய்ந்து நிற்பது உள்நாட்டு விலைவரிசையின் மீது. பல பத்தாண்டுகளைச் சேர்த்துப் படித்தால் அது ஏறுமுகம்தான். ஆனால் அதில் இரண்டு காலங்கள் கலந்திருக்கின்றன. 1968-ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-இல் நீங்கும்வரை, இறக்குமதித் தடையால் உள்நாட்டு விலை உலக விலையைவிட உயர்ந்து நின்றது. பிறகு இறக்குமதி படிப்படியாகத் திறக்கப்பட, நகையின் விலையும் சுரங்கத்தின் வருவாயும் ஒரே உலகச் சந்தைக்குக் கட்டுப்பட்டன. அந்தச் சந்தையில் 1980 ஜனவரியில் 850 டாலர் தொட்ட ஓர் அவுன்ஸ், 2001 பிப்ரவரியில் 260 டாலரை ஒட்டிக் கிடந்தது. அம்மாதம் 28-ஆம் தேதி, தங்கவயல் சுரங்கங்களை நடத்திய அரசு நிறுவனமான பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. 1996-இல் 5,000 ரூபாயைத் தாண்டியிருந்த 10 கிராம் தங்கம் 2001-இல் சுமார் 4,300 ரூபாய். எத்தனை வீடுகள் நகையை விற்றன என்று விலைவரிசை சொல்லாது. விற்றவர்கள் எந்தத் தாழ்வில் விற்றார்கள் என்பதைச் சொல்கிறது.

சுரங்கத்தை மூடவைத்தது மூன்று கிலோமீட்டர் ஆழமும் வறிய தாதுவும்தானே, விலையா என்று கேட்கலாம். எந்தத் தாது வறியது என்று தீர்மானிப்பதே விலைதான். 2011-இல் அவுன்ஸ் 1,900 டாலரைக் கடந்ததே என்பது இன்னொரு மறுப்பு. 2001-இல் உலை வைக்க வேண்டியிருந்தவர்களுக்கு அது பதிலாகாது.

தங்கத்தோடு சேர்ந்து விழாத வரவுகள் வேறு இருந்தன: 1964-இல் தொடங்கிய பெமல் என்னும் பொதுத்துறை இயந்திர நிறுவனத்தின் தங்கவயல் ஆலைச் சம்பளம், அதிகாலை ரயிலில் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்பும் பிள்ளைகளின் கூலி, வட ஆற்காட்டுச் சொந்த ஊரில் கைவிடாத காணி. தங்கவயல் குடும்பங்களின் இடர்காப்பை இனி ஆராய்பவர்கள் நகைப்பெட்டியை விட்டு இவற்றிலிருந்து தொடங்க வேண்டும்.