மல்பெரி இலை மீனாகும் வழி

பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் ஐம்பது கிலோமீட்டர் போனால் ராமநகரா. அங்கே அரசுப் பட்டுக்கூட்டுச் சந்தைக்கு வரும் நூற்பாளர்கள் கூட்டை அள்ளி அமுக்கிப் பார்ப்பார்கள், காதருகே குலுக்கிப் பார்ப்பார்கள், பிறகுதான் விலைக்கு வருவார்கள். அவர்கள் கண் நூலின் மேல். ஆனால் தராசில் ஏறும் எடையில் ஐந்தில் நான்கு பங்கு கூட்டுக்குள் உறங்கும் புழுவுடையது. அந்த நூல் காஞ்சிபுரம் தறிக்குப் போன கதையை ஆயிரம் பேர் சொல்லிவிட்டார்கள். உள்ளே இருக்கும் புழு எங்கே போகிறது என்று கேட்டவர்கள் குறைவு.

அதன் பயணம் மல்பெரித் தோட்டத்தில் தொடங்குகிறது. பட்டுப்புழுவுக்கு இந்த ஓர் இலைதான் உணவு. ஏறக்குறைய 25 நாளில் நான்கு முறை தோலுரித்து, பிறந்த எடையைப்போல் பத்தாயிரம் மடங்கு பெருத்துவிடும். பூச்சிமருந்து பட்ட இலையைத் தின்றால் புழு செத்துப்போகும் என்பதால், மல்பெரி விவசாயி மருந்தடிக்கவே அஞ்சுவார். அடித்தாலும் அதன் வீரியம் தணியும்வரை இலை பறிக்க மாட்டார். தீவனத்துக்குப் போகும் ஒரு பொருளுக்கு இதைவிட நல்ல சோதனைக்கூடம் கிடைக்குமா என்று தோன்றுகிறது.

பழுத்த புழுவைச் சந்திரிகை என்னும் மூங்கில் தட்டில் விட்டால் இரண்டு மூன்று நாளில் கூடு கட்டிவிடும். சந்தை தாண்டி நூற்புக் கொட்டகைக்கு வந்த கூடு சுடுநீரில் வேகும். நுனி பிடித்து இழுத்தால் ஒரு கிலோமீட்டர் நீளம்கூட இழை வரும். இழை தீர்ந்ததும் தொட்டியடியில் மிஞ்சுவது பழுப்பு நிறக் கூட்டுப்புழு. ஒரு கிலோ கச்சாப் பட்டு எடுத்தால் எட்டு கிலோ ஈரப்புழு மிஞ்சும். காய்ந்தால் இரண்டு கிலோ.

மீன் வளர்ப்பவர் இதைத் தேட என்ன காரணம்? மீன்தூள். வளர்ப்பு மீனுக்குப் புரதம் கொடுக்கக் கடல் மீனைப் பிடித்து, வேகவைத்து, பிழிந்து, அரைக்கிறார்கள். ஒரு கிலோ தூளுக்கு நான்கைந்து கிலோ பச்சை மீன் வேண்டும். நம் மேற்குக் கரையில் அந்த ஆலைகளுக்குப் பெரும்பாலும் போவது மத்தி. அதே மத்தி கேரளத்தில் 2012இல் நான்கு லட்சம் டன்னை ஒட்டிக் கிடைத்தது; 2021இல் 3,297 டன்தான். கடலின் தட்பவெப்பம் மாறியது இதில் பெரிய காரணம். குஞ்சு மீனையும் சேர்த்து வாரியதற்கும் பங்குண்டு. ஏழை வீட்டுக் குழம்புக்குப் போகவேண்டிய மீனை அரைத்து இன்னொரு மீனுக்குப் போடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

செடியிலிருந்து வரும் மாற்று நமக்குப் பழையதுதான். கெண்டைக்குத் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி கலந்து போடுவது நாடெங்கும் உள்ள வழக்கம். பிறகு சோயா புண்ணாக்கு வந்தது. இரண்டிலும் குறை உண்டு. கடலையில் லைசின், மெத்தியோனின் என்னும் அமினோ அமிலங்கள் பற்றாது. சோயாவில் மெத்தியோனின் பற்றாது. சோயாவைச் சரியாக வறுக்காவிட்டால் அதிலுள்ள டிரிப்சின் தடுப்பான் செரிமானத்தைக் கெடுக்கும். கடலைப் புண்ணாக்கு நனைந்தால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு சேரும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தது அப்படிப்பட்ட புண்ணாக்கைத் தின்றுதான்.

மல்பெரி இலையையே மீனுக்குப் போடலாமே என்றால், அதில் நார் அதிகம், புரதம் கால் பங்குக்கும் குறைவு. அந்த நாரை விலக்கி, புரதத்தைத் திரட்டித் தரும் வேலையைப் புழு செய்துவிடுகிறது. காய்ந்த கூட்டுப்புழுவில் பாதிக்கு மேல் புரதம். எண்ணெய் எடுத்துவிட்டால் எழுபது சதவீதத்தைத் தாண்டும். புண்ணாக்கில் பற்றாத லைசினும் மெத்தியோனினும் இதில் தாராளம். சீனாவில் ஹூஜோ வட்டாரத்து விவசாயிகள் இதைப் பல நூற்றாண்டாக அறிவார்கள்: கரையில் மல்பெரி, குளத்தில் மீன், புழுவின் எச்சமும் கூட்டுப்புழுவும் மீனுக்கு, குளத்துச் சேறு மல்பெரிக்கு. 2017இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு அதை உலக வேளாண் மரபுகளில் சேர்த்தது.

கூட்டுப்புழுவின் பகை அதன் கொழுப்பு. உடலில் கால் பங்குக்கு மேல் எண்ணெய், அதுவும் காற்றுப்பட்டால் விரைவில் சிக்குப் பிடிக்கும் வகை. ஜப்பானில் கெண்டைக்குக் கெட்டுப்போன கூட்டுப்புழுவை அளவில்லாமல் போட்டபோது மீனின் முதுகுச் சதை கரைந்து, நீரிழிவும் வந்தது. செகோகே நோய் என்று பெயரிட்டார்கள். வைட்டமின் ஈ சேர்த்தால் சதை கரைவதைத் தடுக்கலாம் என்று பிறகு கண்டறிந்தார்கள். ஆக, குற்றம் கெட்டுப்போன எண்ணெயின் மேல். மங்களூர் மீன்வளக் கல்லூரியில் எம்.சி. நந்தீஷாவும் உடனிருந்தவர்களும் எண்ணெய் எடுக்காத கூட்டுப்புழுவையே மீன்தூளுக்குப் பதிலாகக் கெண்டைக்குக் கொடுத்துப் பார்த்து 1990இல் வெளியிட்டார்கள். மீனின் வளர்ச்சி குறையவில்லை.

அப்படியிருந்தும் இன்றுவரை ஈரப்புழுவைக் குவித்து வைப்பதும், வெயில் வரும்போது திறந்தவெளியில் பரப்புவதும்தான் பல இடங்களில் நடக்கிறது. நூற்புத் தெருக்களைத் தாண்டும்போது மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றம் அங்கிருந்து வருகிறது. அப்படிக் கிடக்கும் சில மணி நேரத்தில் நல்ல தீவனம் மட்டமான உரமாகிவிடுகிறது. இந்தப் பயணத்தில் எனக்குப் பெரும் வருத்தம் தரும் இடம் இதுதான். ஆய்வகத்தில் தீர்ந்த பிரச்சினை கொட்டகை வாசலில் தீராமல் கிடக்கிறது.

பெங்களூரில் இப்போது இதற்குக் கை கொடுக்க ஆள் உண்டு. 2019இல் தொடங்கிய லூப்வர்ம் நிறுவனம் பட்டுப்புழுவையும் கறுப்புச் சிப்பாய் ஈயையும் கொண்டு தீவனப் புரதம் செய்கிறது. மத்திய பட்டு வாரியத்தின் தலைமையகமும் இந்நகரில்தான். ஹெசரகட்டா ஏரிக்கரையில் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் மண்டல ஆய்வு மையம் இருக்கிறது. கூடும் மீனும் ஆய்வும் ஒரே நகரைச் சுற்றி இருப்பது அரிய வாய்ப்பு.

அளவை மட்டும் மிகைப்படுத்தக் கூடாது. 2023-24இல் இந்தியாவில் கிடைத்த மல்பெரிப் பட்டு ஏறக்குறைய 30,000 டன். அதன்படி காய்ந்த கூட்டுப்புழு 60,000 டன் வரும். உலகில் ஆண்டுதோறும் அரைக்கப்படும் மீன்தூள் 50 லட்சம் டன். கடல் மீனை இது ஒன்றே காப்பாற்றிவிடாது. சோயாவும் கடலையும் கூடவே வேண்டும். ஆனால் ராமநகரா, சிட்லகட்டா, தர்மபுரி வட்டாரத்து ஏரிக் கெண்டைக்கு, புண்ணாக்கில் பற்றாத சத்தை ஈடுகட்ட இது போதும். நூற்புக் கொட்டகைகள் சேர்ந்து ஒரு பொதுவான உலர்த்தியை வைத்து, தொட்டியிலிருந்து எடுத்த புழுவை அன்றைக்கே காயவைத்து, எண்ணெய் பிழிந்து, காற்றுப்புகாத மூட்டையில் கட்டினால் மீன் வளர்ப்பவர் நல்ல விலை கொடுத்தே வாங்குவார். நாள் முழுதும் சுடுநீரில் கைவிட்டு நூல் எடுப்பவர்களின் கூலியை உயர்த்தவும் அந்தப் பணத்தில் வழி இருக்கிறது.