நிபுணர் வராத அறிக்கை

ஆய்வுக்கூட நிபுணர் கூண்டில் ஏறாமலே, அவர் கையெழுத்திட்ட அறிக்கையைச் சாட்சியமாக ஏற்பது இந்தியக் குற்றவியல் நடைமுறையின் பழைய வழக்கம். விசாரணை நீதிமன்றம் கேட்காமல் விட்ட கேள்விகள் பெரும்பாலும் மேல்முறையீட்டில்தான் தலைகாட்டுகின்றன.

தொடக்கம் பாஷாணத்தில். சென்னை மாகாணத்தில் இரசாயனப் பரிசோதகரின் ஆய்வுக்கூடம் 1849இல் ஏற்பட்டது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய் பின்னால் வந்தன. பிரேத பரிசோதனை செய்த மருத்துவர் இரைப்பை, ஈரல், சிறுநீரகத் துண்டுகளைச் செறிந்த உப்புக் கரைசலில் இட்டு, ஜாடிக்கு அரக்கு முத்திரை வைத்து அனுப்புவார். கரைசலிலும் ஒரு மாதிரி தனியே போகும்: நஞ்சு உப்பிலேயே இருந்துவிட்டால்? இவ்வளவு கவனத்துக்கும் பதிலாக வருவது சில சமயம் இன்ன ஜாடியில் ஆர்சனிக் இருந்தது என்ற ஓரிரு வரிதான். மாகாணம் முழுவதுக்கும் பரிசோதகர் ஒருவர் இருக்கையில் செஷன்ஸ் கோர்ட்டுதோறும் அவரை இழுத்தடிக்க முடியாது. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 510ஆம் பிரிவு அந்த வரிகளையே சாட்சியமாக்கியது.

அந்தச் சுருக்கம் எல்லா நீதிபதிகளுக்கும் போதவில்லை. நேரில் வந்தால் பரிசோதகர் என்னென்ன சொல்வாரோ அவ்வளவையும் அறிக்கை சொல்ல வேண்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 1933இல் கண்டித்தது. இத்துறையில் இன்றும் படிக்கத்தக்க கண்டிப்பு அது.

1955 திருத்தம் எதிரிக்கு ஒரு பிடி கொடுத்தது. அரசுத் தரப்போ எதிரித் தரப்போ மனுப் போட்டால் நிபுணரை அழைத்தே ஆகவேண்டும். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 293ஆம் பிரிவில் அந்தக் கட்டாயம் காணாமற்போனது. நீதிமன்றம் தக்கதெனக் கருதினால் அழைக்கலாம் என்பது மட்டும் மிஞ்சியது.

2004இல், இளநிலை அறிவியல் அலுவலர் கையெழுத்திட்டார் என்பதற்காகத் துப்பாக்கி ஆய்வறிக்கையை ஒதுக்கிய உயர் நீதிமன்றத்தின் முடிவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2022இல் டெல்லி சாவ்லா வழக்கில் காற்று மாறியடித்தது. டி.என்.ஏ. முடிவின் அடிப்படை என்ன, முறை சரியாகக் கையாளப்பட்டதா என்பதைக் கீழ் நீதிமன்றங்கள் ஆராயவில்லை என்று சுட்டிக்காட்டிய உச்ச நீதிமன்றம், மரண தண்டனை பெற்றவர்களை விடுவித்தது. ஆகவே ஏற்கத்தக்கது என்பதும் நம்பத்தக்கது என்பதும் வேறுவேறு. நிபுணரை அழைக்காமல் விட்டது எப்போது வழக்கையே கெடுக்கும் என்பதற்கு ஒரே விடை இருப்பதாகத் தெரியவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றமே கூடுதல் சாட்சியம் பெற 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 391ஆம் பிரிவில் வழி இருந்தது.

2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்துக்குப் பதிலாக நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், நிபுணர் வராமலே அறிக்கையை ஏற்கும் ஏற்பாடு 329ஆம் பிரிவு. 1955இல் எதிரிக்குக் கிடைத்த உரிமை அதிலும் திரும்பவில்லை.