நலிவுற்ற உள்ளூர்த் தொலைக்காட்சிச் செய்தி நிலையங்களின் மீட்சி: கனடிய வரலாறு தரும் படிப்பினைகள்

முன்னுரை

தொலைக்காட்சியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தேசிய வலையமைப்புகளையும் அவற்றின் உரிமையாளர்களையுமே மையமாகக் கொள்வர். மாநகரசபையின் வரவுசெலவுத் திட்டம், பழுதடைந்த பாலம், மூடப்படவிருக்கும் பாடசாலை ஆகியவற்றை நாள்தோறும் தம் ஊர் மக்களுக்கு எடுத்துரைத்த சிறு நிலையங்கள் அவ்வரலாற்றின் ஓரத்திலேயே இடம்பெறுகின்றன. அத்தகைய நிலையமொன்று மூடப்படும்போது அவ்வூர் தன்னைத் தானே காணும் கண்ணாடியொன்றை இழக்கிறது. அதனை மூடாது காப்பது எவ்வாறு என்னும் வினா வணிக முகாமைக்கு மட்டும் உரியதன்று. குடிமக்கள் வாழ்வுக்கும் உரியதாகும்.

இவ்வினாவுக்குக் கனடாவின் வரலாற்றில் விடை தேடுவது இக்கட்டுரையின் நோக்கம். 2009 ஆம் ஆண்டின் கோடைக்கும் இலையுதிர் காலத்திற்கும் இடையில் அந்நாட்டின் சில உள்ளூர் நிலையங்கள் மறைந்தன, சில கைமாறின, ஒன்று தன் ஊழியர்களாலேயே வாங்கப்பட்டது. ஒரே நெருக்கடி வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு முடிவுகளைத் தந்தமையால், எது ஒரு நிலையத்தைக் காக்கிறது, எது காக்கத் தவறுகிறது என்பதை ஒப்பிட்டு அறிய இக்காலப்பகுதி வாய்ப்பளிக்கிறது.

1. ஊருக்கொரு நிலையம்

கனடாவில் தனியார் தொலைக்காட்சி நிலையங்கள் 1950 களில் ஊர் சார்ந்த முயற்சிகளாகவே தோன்றின. ஒன்ராறியோ மாகாணத்தின் உருக்காலை நகரமான ஹமில்ரனில் சீ.எச்.சீ.எச். நிலையம் 1954 ஜூன் மாதத்தில் ஒளிபரப்பைத் தொடங்கியது. மனிரோபா மாகாணத்தின் இரண்டாவது பெரிய நகரான பிராண்டனில் சீ.கே.எக்ஸ். 1955 ஜனவரியிலும், பிரிட்டிஷ் கொலம்பியாவின் தலைநகரான விக்ரோறியாவில் ‘செக்’ நிலையம் 1956 டிசம்பர் 1 ஆம் நாளிலும் தொடங்கின. இவை யாவும் தொடக்கத்தில் அரச ஒளிபரப்பு நிறுவனமான சீ.பீ.சீ.யின் இணைப்பு நிலையங்களாக இயங்கின. தேசிய நிகழ்ச்சிகளை அங்கிருந்து பெற்று, உள்ளூர்ச் செய்தியையும் உள்ளூர் விளம்பரத்தையும் தாமே திரட்டின. ஹமில்ரன் நிலையம் 1961 இல் அவ்விணைப்பிலிருந்து விலகித் தனித்து இயங்கத் தொடங்கியது.

அக்கால நிலையங்களின் வருவாய் எளிமையான ஓர் உறவில் தங்கியிருந்தது. ஊர்க் கடைக்காரரும் வாகன விற்பனையாளரும் ஊர் மக்களைச் சென்றடைய விரும்பினர். ஊர் மக்கள் மாலைச் செய்தியைப் பார்த்தனர். இவ்வுறவு உறுதியாக இருந்தவரை நிலையத்தின் பொருளாதாரமும் ஓரளவு உறுதியாக இருந்தது.

2. நகரையே அரங்காக்கிய முயற்சி

பொருள் நெருக்கடியில் இருந்த ஒரு நிலையம் தன் செய்தியின் இயல்பை மாற்றி எழுந்தமைக்கு ரொறன்ரோவின் சிற்றி தொலைக்காட்சி முற்கால எடுத்துக்காட்டாகும். 1972 செப்டெம்பரில் மோசஸ் சினைமரும் பிறரும் தொடங்கிய இந்நிலையம் 79 ஆம் இலக்க அலைவரிசையில், பலருடைய தொலைக்காட்சிப் பெட்டிகள் எளிதில் எட்டாத இடத்தில் ஒளிபரப்பாகியது. தொடக்க ஆண்டுகளில் அது பணத் தட்டுப்பாட்டினால் வருந்தி, தன் பங்குகளை வெளியாருக்கு விற்க நேர்ந்தது.

1977 இல் அது ‘சிற்றிபல்ஸ்’ என்னும் செய்தியறிக்கையைத் தொடங்கியது. பெரிய நிலையங்களின் செய்தி வாசிப்பாளர் மேசைக்குப் பின்னால் அமர்ந்து நாட்டு நடப்பை உரைத்த காலத்தில், சிற்றியின் செய்தியாளர் தெருவில் நின்று நகரின் நடப்பை உரைத்தனர். குடிவரவினால் மாறிக்கொண்டிருந்த ரொறன்ரோவின் பல்லின முகம் திரையிலும் தெரிந்தது. 1987 இல் நிலையம் குயீன் வீதி மேற்கிலுள்ள கட்டடத்திற்கு இடம்பெயர்ந்தபோது செய்திப்பிரிவின் பணியிடமே ஒளிபரப்பு அரங்காயிற்று. பணம் படைத்த போட்டியாளரை அவர்களின் களத்தில் எதிர்கொள்ளாமல், அவர்கள் கவனியாது விட்ட நகரத்தைத் தன் களமாக்கிக்கொண்டமை அதன் வெற்றிக்குக் காரணமாயிற்று.

எனினும் இம்முயற்சிக்கும் ஓர் எல்லை இருந்தது. நிலையம் 1981 இல் முழுமையாகச் சம் நிறுவனத்தின் கைக்கும், 2007 இல் ரொஜர்ஸ் நிறுவனத்தின் கைக்கும் சென்றது. 2010 ஜனவரியில் நண்பகல், ஐந்து மணிச் செய்தியறிக்கைகள் நிறுத்தப்பட்டு ஊழியர் பலர் வேலை இழந்தனர். நல்ல செய்தி மட்டும் ஒரு நிலையத்தைக் காப்பதில்லை; அதன் செலவைத் தீர்மானிப்பவர் யார் என்பதும் அதன் விதியைத் தீர்மானிக்கிறது.

3. 2009 ஆம் ஆண்டின் நெருக்கடி

2000 ஆம் ஆண்டளவில் உள்ளூர் நிலையங்கள் பல கான்வெஸ்ட் நிறுவனத்தின் கீழ் வந்தன. அதே ஆண்டில் ஹொலிஞ்சர் நிறுவனத்தின் நாளிதழ்களையும், 2007 இல் அலையன்ஸ் அற்லான்ரிஸ் நிறுவனத்தின் அலைவரிசைகளையும் கையகப்படுத்திய கான்வெஸ்டின் கடன் சுமை பெருகியது. ஹமில்ரன், விக்ரோறியா நிலையங்கள் 2001 இல் ‘சீ.எச்.’ என்னும் பொதுப்பெயரையும், 2007 இல் அமெரிக்கக் கேளிக்கை அலைவரிசையொன்றின் ‘ஈ’ என்னும் பெயரையும் ஏற்க நேர்ந்தது. ஆறாண்டு இடைவெளியில் இருமுறை மாற்றப்பட்ட பெயர், நிலையத்தை அதன் ஊரோடு பிணைத்த அடையாளத்தை மங்கச் செய்தது. கேளிக்கைச் செய்தியை நாடியவர் அதனை வேறிடத்தில் பெற்றனர். உள்ளூர்ச் செய்தியை நாடியவருக்கு அப்பெயர் எதையும் உணர்த்தவில்லை.

2008 இன் உலக நிதி நெருக்கடி விளம்பர வருமானத்தைச் சரித்தபோது கான்வெஸ்ட் இந்நிலையங்களைக் கைவிட முடிவு செய்தது. ஹமில்ரன் நிலையமும் மொன்றியலின் பன்மொழி நிலையமொன்றும் சேர்த்து 12 டாலர் என்னும் பெயரளவு விலைக்குச் சனல் சீரோ நிறுவனத்திற்கு விற்கப்பட்டன. அல்பேர்ட்டாவின் ரெட் டியர் நிலையம் 2009 ஆகஸ்ட் 31 இல் மூடப்பட்டது. சீ.ரீ.வீ. நிறுவனத்திற்கு உரிய பிராண்டன் நிலையமும் வாங்குவோருடனான பேச்சுகள் முறிந்தபின் அக்டோபர் 2 இல் மறைந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒளிபரப்பிய அந்நிலையத்தோடு பிராண்டனின் உள்ளூர்த் தொலைக்காட்சிச் செய்தியும் நின்றது. கான்வெஸ்ட் நிறுவனமே அதே அக்டோபரில் கடன் கொடுத்தோரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது.

4. விக்ரோறியா: ஊழியர் வாங்கிய நிலையம்

‘செக்’ நிலையமும் ஆகஸ்ட் 31 இல் மூடப்படும் என ஜூலை மாதத்தில் அறிவிக்கப்பட்டது. அதன் ஊழியர் தம் சொந்தப் பணத்தை இட்டும், வன்கூவர் தீவின் முதலீட்டாளரை நாடியும் ஏறத்தாழ 2.5 மில்லியன் டாலரைத் திரட்டினர். முதலீட்டாளருள் முதன்மையானவர் லீவை சாம்ப்சன். நனைமோ நகருக்கு அண்மையிலுள்ள ஹார்மக் காகிதக்கூழ் ஆலையை 2008 இல் அதன் தொழிலாளர் வாங்கியபோதும் அம்முயற்சியில் பங்கேற்றவர் அவர். நிலையம் இருளவிருந்த வேளையில் பேச்சுகள் தொடர்ந்து, செப்டெம்பர் 4 இல் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. விலை 2 டாலர். வட அமெரிக்காவில் ஊழியர் உரிமையின் கீழ் இயங்கிய முதல் தொலைக்காட்சி நிலையம் எனச் ‘செக்’ அறியப்படலாயிற்று.

இவ்வெற்றியை உணர்ச்சி வேகத்தின் விளைவாக மட்டும் கொள்வது பொருந்தாது. அதற்குத் துணைநின்ற காரணங்கள் மூன்று. முதலாவது, விலை பெயரளவினதாக இருந்தமையால் திரட்டிய பணத்தைச் சம்பளத்திற்கும் அன்றாடச் செலவிற்கும் பயன்படுத்த முடிந்தது. பழைய உரிமையாளரை மூழ்கடித்த கடன் சுமை புதிய உரிமையாளரைத் தொடரவில்லை. இரண்டாவது, விக்ரோறியா மாகாணத் தலைநகர். கடலால் பிரிக்கப்பட்ட தீவில் அமைந்தது. வன்கூவர் நிலையங்களின் செய்தி தீவின் செய்திக்கு ஈடாவதில்லை. எட்மன்ரனுக்கும் கல்கரிக்கும் இடையில் அமைந்து இரு பெருநகர்களின் நிலையங்களுக்கும் உட்பட்ட ரெட் டியருக்கு இவ்வாய்ப்பு இருக்கவில்லை. மூன்றாவது, எந்தச் செய்தியைத் திரட்டுவது, எந்தச் செலவைக் குறைப்பது என்னும் முடிவுகள் அன்றிலிருந்து அவ்வூரிலேயே எடுக்கப்பட்டன. முடிவெடுப்பவர் காலையில் கடையில் பாண் வாங்கும்போது தம் பார்வையாளரைச் சந்திக்கும் நிலை உருவாயிற்று.

5. ஹமில்ரன்: மணிநேரங்களின் பெருக்கம்

சனல் சீரோ வேறொரு வழியைத் தேர்ந்தது. ஹமில்ரன் நிலையம் 2009 ஆகஸ்ட் 31 முதல் பகல் முழுவதும் செய்தியையும் மாலையில் திரைப்படங்களையும் ஒளிபரப்பியது. உள்ளூர்ச் செய்தி காலப்போக்கில் வாரத்திற்கு 80 மணிநேரம் வரை விரிந்தது. ஊர்ச் செய்திக்கு முதலிடம் அளித்த வகையில் இது துணிவான முயற்சியே. ஆயினும் நேரம் பெருகிய அளவிற்கு உள்ளூர் வருமானம் பெருகவில்லை. நிலையம் பெரிதும் நம்பியிருந்த தேசிய விளம்பரங்கள் குறைந்தபோது செலவைத் தாங்க இயலாதாயிற்று.

2015 டிசம்பர் 11, வெள்ளிக்கிழமை, செய்தித் தயாரிப்பைக் கவனித்த துணை நிறுவனம் வங்குரோத்து அடைந்ததாக அறிவிக்கப்பட்டது. 129 முழுநேர ஊழியரும் 38 பகுதிநேர ஊழியரும் ஒரே நாளில் வேலை இழந்தனர். நிலையம் உயிர்தப்பியது, ஊழியருள் ஒரு பகுதியினர் மீளவும் அமர்த்தப்பட்டனர். ஆனால் செய்தி வாரத்திற்கு 17.5 மணிநேரமாகச் சுருங்கியது. செய்தியின் நேரத்தைக் கூட்டுவது வேறு, செய்தி திரட்டும் ஆற்றலைக் கூட்டுவது வேறு என்பதை இந்நிகழ்வு தெளிவாக்குகிறது. ஒரே செய்தியைப் பகலில் பன்முறை உரைப்பதனால் புதிய விளம்பரதாரர் வருவதில்லை. அதே ஊழியரைக் கொண்டு, ஏனைய ஊடகங்கள் எட்டாத சில செய்திகளை ஆழமாகத் திரட்டுவதே சிறு நிலையத்திற்கு ஏற்ற வழி.

6. ஒழுங்குவிதியும் நிதியும்

கனடிய வானொலி, தொலைக்காட்சி, தொலைத்தொடர்பு ஆணையத்தின் முடிவுகளும் இவ்வரலாற்றின் பகுதியாகும். கம்பிவட, செய்மதி விநியோக நிறுவனங்கள் தம் ஒளிபரப்பு வருமானத்தில் 1.5 சதவீதத்தைச் செலுத்தும் உள்ளூர் நிகழ்ச்சி மேம்பாட்டு நிதியம் 2009 செப்டெம்பரில் செயற்படத் தொடங்கியது. பத்து இலட்சத்திற்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட சந்தைகளின் நிலையங்களுக்கு அது உதவியது. ஆனால் அது படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2014 ஆகஸ்ட் 31 இல் நிறுத்தப்பட்டது. தம் ஒளிபரப்பை எடுத்துச் செல்வதற்கு விநியோக நிறுவனங்கள் கட்டணம் செலுத்த வேண்டும் என்னும் நிலையங்களின் கோரிக்கையும், அதனை விதிக்க ஆணையத்திற்கு அதிகாரமில்லை என உச்ச நீதிமன்றம் 2012 டிசம்பரில் தீர்ப்பளித்தமையால் முடிவுக்கு வந்தது.

2016 இல் ஆணையம் புதிய கொள்கையொன்றை வகுத்தது. அதன்படி 2017 செப்டெம்பர் முதல் விநியோக வருமானத்தின் 0.3 சதவீதம் சுயாதீன உள்ளூர்ச் செய்தி நிதியத்திற்குச் செல்கிறது. விநியோகத் தொழிலையும் நடத்தும் பெருநிறுவனங்களுக்கு உரிமையல்லாத நிலையங்களே இதனால் பயன்பெறுவன. விக்ரோறியா, ஹமில்ரன் நிலையங்கள் அவற்றுள் அடங்கும். முந்தைய நிதியம் ‘உள்ளூர் நிகழ்ச்சி’ எனப் பொதுவாகக் கூறியதை இது ‘உள்ளூர்ச் செய்தி’ எனக் குறுக்கியமை கவனிக்கத்தக்கது. உதவி எதற்கு என்பது வரையறுக்கப்பட்டது. ஆயினும் வந்து மறையும் நிதியை நம்பி நிலையான செலவை வளர்ப்பதன் ஆபத்தை 2014 இன் அனுபவம் உணர்த்தியுள்ளது.

7. புலம்பெயர் மொழிச் செய்திகள்

இப்படிப்பினைகள் ரொறன்ரோவின் தமிழ்ச் சமூகத்திற்கும் நேரடியாகப் பொருந்துவன. அந்நகரின் பன்மொழி நிலையமான சீ.எஃப்.எம்.ரீ. 1979 செப்டெம்பரில் தொடங்கி, நிதி நெருக்கடியின்பின் 1986 இல் ரொஜர்ஸ் நிறுவனத்தை அடைந்து, பின்னர் ‘ஒம்னி’ எனப் பெயர்பெற்றது. 2015 மே மாதத்தில் அதன் இத்தாலிய, மண்டரின், கன்ரோனிய, பஞ்சாபிச் செய்தியறிக்கைகள் நிறுத்தப்பட்டன. அச்சமூகங்களின் எதிர்ப்பு ஆணையத்தின் விசாரணைகளில் ஒலித்தது. 2017 இல் சந்தாதாரர் ஒருவருக்கு மாதம் 12 சதம் என்னும் கட்டாயக் கட்டணத்துடன் அந்நான்கு மொழிச் செய்திகளும் மீண்டன. 2020 இல் அரபு, பிலிப்பினோச் செய்திகள் சேர்ந்தன. தமிழ் அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

எனவே தமிழ்ச் செய்தி சமூகத்தின் சொந்த நிலையங்களையே சார்ந்துள்ளது. தாயகச் செய்தியையும் திரைப்பட நிகழ்ச்சிகளையும் இன்று எவரும் கைபேசியில் பெறலாம். ஸ்காபரோவின் பாடசாலைகள் குறித்து எடுக்கப்படும் முடிவையோ மார்க்கம் மாநகரசபையின் வரியையோ தமிழில் விளக்கும் செய்தியாளரை அவ்வாறு பெற இயலாது. இவ்விடைவெளியே தமிழ் நிலையங்கள் பிறர் போட்டியின்றி நிரப்பக்கூடிய களம்.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவுகள் நான்கு. பெயர் மாற்றமும் அலங்காரமும் நலிவுற்ற நிலையத்தை மீட்பதில்லை. செய்தியின் அளவு, உள்ளூரில் உறுதியாகக் கிடைக்கும் வருமானத்தின் அளவைத் தாண்டலாகாது. பொது நிதி ஊன்றுகோலாகலாம், அடித்தளமாகக் கூடாது. இவை மூன்றையும் நடைமுறைப்படுத்த, முடிவெடுக்கும் உரிமை நிலையம் இயங்கும் ஊரிலேயே இருத்தல் வேண்டும்.

பிராண்டனும் விக்ரோறியாவும் ஒரே ஆண்டில் ஒரே நெருக்கடியைச் சந்தித்தன. ஒன்றின் விதியைத் தொலைவிலிருந்த அலுவலகம் எழுதியது. மற்றதன் விதியை அதன் செய்தியாளரும் படப்பிடிப்பாளரும் அயலவரும் எழுதினர். நிலையமொன்றைக் காக்க விழையும் சமூகம் முதலில் கேட்க வேண்டிய வினா, அதன் விதியை எழுதும் கை எங்கிருக்கிறது என்பதே.