பதின்மர்

பெயர்ச்சொல். பத்து என்னும் எண் வேறு எண்ணோடு சேரும்போது ‘பதின்’ எனத் திரியும்: பதின்மூன்று, பதினாறு. எண்வர், நூற்றுவர் போலப் பதின்மர் என்றால் பத்துப் பேர் என்பதே பழைய பொருள். திருக்குறளின் பழைய உரையாசிரியர்களைப் பதின்மர் என்பது இவ்வழக்கே.

இக்காலப் பொருள்: 13 முதல் 19 வயது வரை உள்ளவர். பதின்ம வயது, பதின்மர் நாவல் என்பன இதிலிருந்து கிளைத்தவை. பதின்மர் நாவலை இளையோர் நாவல் என்றும் சொல்வர்.

மலேசியாவில் இந்தச் சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு, 12 வயதில் முடிகிறது. மறு ஆண்டே மலாக்காவின் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா தோட்டத்துப் பிள்ளைகள் பலர் மலாய்வழி இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்தில் நுழைகிறார்கள். அங்கே தமிழ் ஒரு பாடம் மட்டுமே. அதையும் விரும்பினால்தான் எடுக்கலாம். சிறுவர் கதையை விட்டுப் பெரிய நாவலுக்குத் தாவவேண்டிய வயதில் கைக்குத் தமிழ்ப் புத்தகம் எட்டுவதில்லை.

ஆகவே பதின்மருக்கு நூல் பரிந்துரைப்பவர் வயதை மட்டும் பார்த்தால் போதாது. பிள்ளையின் குடும்பக் கதையையும் கேட்கவேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலச் சயாம் ரயில்பாதையில் வேலை செய்த தாத்தாவின் கதை கேட்டு வளர்ந்த 15 வயதுப் பிள்ளைக்கு, அதே பாதையைப் பற்றி மலேசிய எழுத்தாளர் அ. ரெங்கசாமி எழுதிய ‘நினைவுச் சின்னம்’ கொடுக்கலாம். அது பெரியவர்களுக்கான நாவல்தான்; ஆனால் தன் வீட்டு வரலாறு என்பதால் பிள்ளை விடாமல் படிக்கும்.

எ-டு: “பதின்மர் நாவல் ரெண்டு எடுத்து வச்சிருக்கேன் ஐயா, தங்கச்சிக்கும் கொடுங்க.”